பிரெஞ்சுக் கதைகளில் வரும் 'பாஸே சேம்ப்ல்': வினைகளைத் திரிக்கும் முறை

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பிரெஞ்சில் பி-1 என்ற இடைநிலையை முடித்துவிட்டீர்கள், பேசவும் மின்னஞ்சல் எழுதவும் முடிகிறது, ஆனால் ஒரு சிறுகதைத் தொகுப்பைத் திறந்தால் வகுப்பில் கண்டிராத வினைவடிவங்கள் வரிக்கு வரி வருகின்றன, அவற்றில் பாதி அகராதியிலும் அகப்படுவதில்லை. 'பாஸே சேம்ப்ல்' என்ற இந்த எளிய இறந்தகாலத்தை எப்படித் திரிப்பது, ஒவ்வொரு வினைக்கும் ஆறு வடிவங்களையும் மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டியதில்லை. ஒரு வினைக்கு ஒரே ஒரு வடிவம், அதாவது 'இல்' என்ற படர்க்கை ஒருமை வடிவம் தெரிந்தால் போதும். மற்ற ஐந்தும் அதிலிருந்து விதிப்படி வந்துவிடும். இது நமக்குப் புதிய ஏற்பாடும் அல்ல. தமிழ் கற்கும் வெளிநாட்டவருக்கு நட என்பது நடந்தான் ஆவதும், பார் என்பது பார்த்தான் ஆவதும், ஓடு என்பது ஓடினான் ஆவதும், வா என்பது வந்தான் ஆவதும் பெரும் தொல்லை. ஆனால் 'வந்தான்' என்ற ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்பவற்றைத் தனித்தனியே கற்பிக்க வேண்டியதில்லை. பாஸே சேம்ப்ல் இயங்குவதும் அப்படித்தான்: கடினமெல்லாம் அடியில் இருக்கிறது, விகுதியில் இல்லை.

எழுத்து பற்றி முதலில் ஒரு விளக்கம். பிரெஞ்சுச் சொற்களை இங்கே அவற்றின் ஒலிப்புக்கு நெருக்கமாகத் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிக் காட்டவேண்டிய இடங்களில் மட்டும் ஆங்கில எழுத்துப் பெயர்களை இணைகோடிட்டு, 'வி-ஐ-டி' என்பதுபோல் தருகிறேன். 'யு' என்று நான் எழுதும் இடத்தில், உதட்டை உகரத்துக்குக் குவித்துக்கொண்டு உள்ளே இகரத்தை ஒலிக்கும் அந்தப் பிரெஞ்சு உயிரொலியைக் கொள்ளவேண்டும்.

பாஸே சேம்ப்ல் வடிவங்கள் எல்லாம் நான்கே வகையில் அடங்கும். ஒவ்வொரு வகையையும் அதன் உயிரொலியால் அடையாளம் காணலாம்: ஆ, இ, யு, பிறகு மூக்கொலியான ஏன்.

'ஆ' வகை, அகராதி வடிவம் ஈ-ஆர் என்று முடியும் வினைகளுக்கு உரியது. பிரெஞ்சு வினைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. இந்தக் காலத்தில் அவற்றுள் ஒன்றுகூட விதிவிலக்கு இல்லை. நிகழ்காலத்தில் உங்களை அலைக்கழிக்கும் 'ஆலே' (போ) என்ற வினைகூட இங்கே வாலைச் சுருட்டிக்கொண்டு 'இல் ஆலா' என்று ஒழுங்காக வருகிறது. 'பார்லே' (பேசு) என்பதை எடுத்துக்கொண்டால்: ழெ (நான்) பார்லே, த்யு (நீ) பார்லா, இல் (அவன்) பார்லா, நூ (நாங்கள்) பார்லாம், வூ (நீங்கள்) பார்லாத், இல் (அவர்கள்) பார்லேர். கடைசியில் உள்ள பன்மை வடிவத்தில் மட்டும் ஆகாரம் ஏகாரமாகிறது. லத்தீனில் அழுத்தம் பெற்ற ஆகாரம் பிரெஞ்சில் பல இடங்களில் ஏகாரமாக மாறியதன் எச்சம் அது. காரணத்தை மறந்தாலும் 'ஏர்' என்ற முடிவை மறக்கக்கூடாது, ஏனென்றால் கதைகளில் அதிகம் கண்ணில் படும் விகுதிகளில் அது ஒன்று.

இந்த வகையில் எழுத்தைப் பொறுத்த இரண்டு செய்திகள் உள்ளன. 'மான்ழே' (சாப்பிடு), 'கொமான்ஸே' (தொடங்கு) போன்ற வினைகளில் ஆகாரத்துக்கு முன்னால் ஒலியைக் காப்பாற்றுவதற்காக, முதலாவதில் ஜி-க்குப் பின் ஓர் ஊமை ஈ-யும், இரண்டாவதில் சி-க்கு அடியில் ஒரு வால்குறியும் சேர்கின்றன: மான்ழா, கொமான்ஸா. 'ஏர்' என முடியும் பன்மையில் அவை தேவைப்படுவதில்லை என்பதால் மறைந்துவிடும். அடுத்தது, எழுதும்போது எல்லாரையும் கவிழ்க்கும் இடம். 'ழெ' வடிவத்தின் விகுதி ஏ-ஐ. 'ஏம்பார்ஃபே' என்ற தொடர் இறந்தகாலத்தின் விகுதி ஏ-ஐ-எஸ். பலருடைய பேச்சில் இரண்டுக்கும் ஒலி வேறுபாடு இல்லை. ஓர் எஸ் கூடினால் 'பேசினேன்' என்பது 'பேசிக்கொண்டிருந்தேன்' ஆகிவிடும். பிரெஞ்சுக்காரர்களே தடுமாறும் இடம் என்பதால், சந்தேகம் வந்தால் அதே வாக்கியத்தை 'இல்' என்று மாற்றிப் பாருங்கள்: 'இல் பார்லா' பொருந்தினால் எஸ் கிடையாது.

'இ' வகைக்கு 'ஃபினீர்' (முடி) மாதிரியாக இருக்கட்டும்: ழெ ஃபினி, த்யு ஃபினி, இல் ஃபினி, நூ ஃபினீம், வூ ஃபினீத், இல் ஃபினீர். ஒருமை மூன்றும் காதுக்கு ஒன்றுதான். எழுத்தில் முதலிரண்டும் எஸ் என்றும் மூன்றாவது டி என்றும் முடியும். ஃபினீர் போன்ற வினைகளோடு, பார்த்தீர் (புறப்படு), ஸோர்த்தீர் (வெளியேறு), தோர்மீர் (உறங்கு), ஊவ்ரீர் (திற) ஆகியவையும், வாந்த்ர் (விற்பனை செய்), ஆதாந்த்ர் (காத்திரு), பேர்த்ர் (இழ), ரெபோந்த்ர் (பதில் சொல்) போன்ற ஆர்-ஈ வினைகளும் இங்கேதான் வரும்: பார்த்தி, ஸோர்த்தி, தோர்மி, ஊவ்ரி, வாந்தி, ஆதாந்தி, பேர்தி, ரெபோந்தி. இவற்றைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

'யு' வகைக்கு 'கூரீர்' (ஓடு): ழெ கூர்யு, த்யு கூர்யு, இல் கூர்யு, நூ கூர்யூம், வூ கூர்யூத், இல் கூர்யூர். அகராதி வடிவம் 'உவார்' என ஒலித்து முடியும் வினைகளில் பெரும்பாலானவை இதைச் சேர்ந்தவை. 'வுவார்' (காண்) என்பது மட்டும் முரண்டுபிடித்து 'இ' வகைக்குப் போய் 'வி' ஆகிவிடும். அஸுவார் (உட்கார்) என்ற வினையும் அதன் கூட்டாளி.

நான்காவது வகையில் இரண்டே குடும்பங்கள்: வெனீர் (வா), தெனீர் (பிடி), இவற்றின் முன்னொட்டுச் சேர்ந்த கிளைவினைகளான தெவெனீர் (ஆகு), ரெவெனீர் (திரும்பி வா), ஒப்தெனீர் (பெறு) முதலானவை. இல் வேன், நூ வேன்ம், வூ வேன்த், இல் வேன்ர். 'வேன்ம்' என்ற வடிவத்தைப் பிரெஞ்சுக்காரர் யாராவது வாய்விட்டுச் சொல்லும்போது கேட்டால், அநேகமாக அவர் வேடிக்கைக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆகவே 'ஃபி', 'க்ர்யு', 'வேன்' என்று 'இல்' வடிவத்தை அறிந்தால் அந்த வினையின் வகை தெரிந்துவிடுகிறது; வகை தெரிந்தால் பன்மை விகுதிகள் தானாக அமைகின்றன. நூ, வூ வடிவங்களின் உயிரெழுத்துமேல் ஒரு கூரைக்குறி இருக்கும். 'வூ' வடிவத்தில் லத்தீனிலிருந்து வந்த ஓர் எஸ் முன்பு எழுதப்பட்டு வந்தது. ஒலிப்பில் அது மறைந்ததற்கு அடையாளமாகவே கூரைக்குறி நின்றது. 'நூ' வடிவத்தில் அப்படி ஓர் எஸ் மூலத்தில் இருந்ததே இல்லை. பக்கத்து வடிவத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்ட குறிதான் அது. 1990-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யு எழுத்துகள்மேல் இருந்த கூரைக்குறிகளைப் பல சொற்களில் விருப்பத்துக்கு விட்டபோதும், இந்த வினைவிகுதிகளில் அதைக் கட்டாயமாகவே வைத்துக்கொண்டது.

இனி உண்மையிலேயே உழைப்புத் தேவைப்படும் பகுதிக்கு வருகிறேன். அகராதியில் அகப்படாமல் உங்களை நிறுத்தியவை பெரும்பாலும் ஓரசைச் சொற்களாகத்தான் இருந்திருக்கும். பிரெஞ்சில் அன்றாடம் புழங்கும் வினைகளின் பாஸே சேம்ப்ல் வடிவம் தேய்ந்து தேய்ந்து மூன்று நான்கு எழுத்துகளாகக் குறுகிவிட்டது. லத்தீனின் முற்றுக்காலத்திலிருந்து நேரே இறங்கி வந்தவை அவை. அதனால்தான் அகராதி வடிவத்தோடு அவற்றுக்கு முகச்சாயல் குறைவு. எத்ர் (இரு) என்பது எஃப்-யு-டி என எழுதி 'ஃப்யு' என்று ஒலிக்கும். அவுவார் (உடைத்தாயிரு) என்பது ஈ-யு-டி என எழுதி வெறும் 'யு' என்று ஒலிக்கும். அதிலுள்ள ஈ-யைப் படிக்கவே கூடாது. ஃபேர் (செய்) என்பது 'ஃபி', மெத்ர் (வை) என்பது 'மி', ப்ராந்த்ர் (எடு) என்பது 'ப்ரி', தீர் (சொல்) என்பது 'தி', ரீர் (சிரி) என்பது 'ரி'. யு வகையில் லீர் (வாசி) என்பது 'ல்யு', புவார் (குடி) என்பது பி-யு-டி, தெவுவார் (செய்யக் கடமைப்படு) என்பது டி-யு-டி, பூவுவார் (இயலு) என்பதும் தமிழில் எழுதினால் பி-யு-டிதான், ஆனால் முதலெழுத்து வேறு, ஆங்கிலத்தின் 'புட்' என்ற சொல்லின் அதே எழுத்துகள்; ஸவுவார் (அறி) என்பது 'ஸ்யு', க்ருவார் (நம்பு) என்பது 'க்ர்யு'. வுவார் 'வி', வெனீர் 'வேன்', தெனீர் 'தேன்'. இவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால், எந்தக் கதைப்புத்தகத்திலும் உங்கள் தடுமாற்றத்தில் பெரும்பகுதி அகன்றுவிடும் என்பது என் கணிப்பு.

ஓரசைச் சொற்களைக் கடந்தபின் எஞ்சுபவை உடலில் ஓர் அடையாளத்தைச் சுமந்திருக்கும். நடுவில் ஜி-என் என்ற எழுத்துகளைக் கண்டால், மூலம் பெரும்பாலும் க்ரேந்த்ர் (அஞ்சு), பேந்த்ர் (வண்ணம் தீட்டு) போன்ற ஒரு வினை: க்ரெஞி, பெஞி. கியூ-யு-ஐ எழுத்துகளைக் கண்டால் பெரும்பாலும் நேத்ர் (பிற) அல்லது வேங்க்ர் (வெல்): நாகி, வேங்கி. எக்ரீர் (எழுது) ஒரு வி-யைச் சேர்த்துக்கொண்டு 'எக்ரிவி' ஆகும். கோந்துவீர் (நடத்திச் செல், ஓட்டு) ஓர் எஸ்-ஐச் சேர்த்துக்கொண்டு 'கோந்துவிஸி' ஆகும். வீவ்ர் (வாழ்) என்பது 'வெக்யு' ஆவதற்கு எந்தத் தடயமும் கிடையாது; அதை நினைவில் வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

வகுப்புகளில் ஒரு குறுக்குவழி சொல்லித்தருவார்கள்: பேச்சில் புழங்கும், துணைவினையோடு எச்சம் சேர்ந்து வரும் கூட்டு இறந்தகாலத்துக்காக நீங்கள் ஏற்கெனவே கற்ற எச்சவடிவத்தின் உயிரொலியைப் பார்த்தால் பாஸே சேம்ப்ல் வடிவம் தெரிந்துவிடும் என்பது அது. மி, ப்ரி, தி, ல்யு, ப்யு, ஸ்யு, க்ர்யு, யு, வெக்யு ஆகியவற்றில் இது அப்படியே பொருந்துகிறது. ஆனால் முழு நம்பிக்கை வைக்காதீர்கள். வாந்த்ர், பேர்த்ர், பாத்ர் (அடி) போன்றவற்றின் எச்சம் யு என்று முடிந்தாலும் பாஸே சேம்ப்ல் 'இ' வகைதான். வுவார் என்பதும் அப்படியே, எச்சம் 'வ்யு', கதைவடிவம் 'வி'. வெனீர், ஃபேர், நேத்ர், மூரீர் (இற), எத்ர் ஆகியவற்றில் எச்சத்துக்கும் இதற்கும் உறவே இல்லை. என்னைக் கேட்டால், நினைவுக்கு உதவும் ஊன்றுகோலாக இதை வைத்துக்கொள்ளலாம், விதியாக அல்ல.

ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கும் வடிவங்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வாசிப்பில் பிழை நேர்வது அங்கேதான். வி-ஐ-டி என்ற சொல், வீவ்ர் என்பதன் நிகழ்காலமாக இருந்தால் 'வாழ்கிறான்'. வுவார் என்பதன் பாஸே சேம்ப்ல் ஆனால் 'கண்டான்'. ப்லேர் (பிடித்திரு), ப்லெவுவார் (மழை பெய்) இரண்டும் 'ப்ல்யு' என்ற ஒரே வடிவத்தில் சந்திக்கின்றன. ஃபினீர், தீர், ரீர் ஆகியவற்றில் ஒருமை வடிவங்கள் நிகழ்காலத்திலும் இதிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. 'இல் தி' என்று தனியாகக் காட்டி 'சொல்கிறானா, சொன்னானா' என்று கேட்டால் பிரெஞ்சுக்காரராலும் விடை சொல்ல முடியாது. சுற்றியிருக்கும் வினைகளைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். எதிர்காலத்தோடு குழப்பிக்கொள்வதும் உண்டு: 'பார்லா' என்றால் பேசினான், 'பார்லரா' என்றால் பேசுவான், இடையிலுள்ள அந்த ஆர்தான் காலத்தை மாற்றுகிறது.

இப்போது ஒரு சிறு பத்தியை அருகில் வைத்துப் பார்ப்போம். நானே அமைத்த வாக்கியங்கள்தான், ஆனால் எந்தப் பிரெஞ்சுக் கதையிலும் இருக்கக்கூடியவை:

"லா ப்லுவி தோம்பே. அன் ஓம் ஆந்த்ரா, போஸா ஸோன் ஸாக், ப்யு அன் வேர் தோ எ ந தி ரியேன். கான் தில் யு ஃபினி, இல் ஸ லவா எ ஸோர்த்தி."

மழை பெய்துகொண்டிருந்தது, ஒரு மனிதன் உள்ளே வந்தான், பையை வைத்தான், ஒரு குவளை தண்ணீர் குடித்தான், எதுவும் சொல்லவில்லை, முடித்ததும் எழுந்து வெளியேறினான் என்பது பொருள். முதல் வாக்கியத்தின் 'தோம்பே' தொடர் இறந்தகாலம். அது பின்னணியை விரிக்கிறது, கதையை நகர்த்துவதில்லை. ஆந்த்ரா, போஸா, ப்யு, தி, லவா, ஸோர்த்தி ஆகிய ஆறும் பாஸே சேம்ப்ல். ஒவ்வொன்றும் கதையை ஒரு படி முன்னே தள்ளுகிறது, அவை வரும் வரிசைதான் நிகழ்ந்த வரிசை. 'யு ஃபினி' என்பதில் அவுவார் துணைவினையாக நின்று, 'எழுந்தான்' என்பதற்கு முன்பே முடிந்துபோன செயலைச் சொல்கிறது. துணைவினையைப் பாஸே சேம்ப்ல் வடிவில் வைத்து எச்சத்தைச் சேர்த்தால் கிடைக்கும் இந்த அமைப்புக்குப் 'பாஸே ஆன்தெரியோர்' என்று பெயர். 'கான்' (எப்போது), 'தே க' (உடனே) போன்ற இணைப்புச் சொற்களுக்குப் பின்னால்தான் இதை அதிகம் காண்பீர்கள்.

இதே பத்தியைக் கூட்டு இறந்தகாலத்தில் எழுத முனைந்தால் வேலை இரட்டிப்பாகிறது. உள்ளே வந்ததற்கும் எழுந்ததற்கும் வெளியேறியதற்கும் எத்ர் துணைவினை, வைத்ததற்கும் குடித்ததற்கும் சொன்னதற்கும் அவுவார். எதிர்மறைச் சொற்கள் துணைவினையைச் சுற்றிக்கொள்ளவேண்டும். வந்தவர் பெண்ணாக இருந்தால் மூன்று எச்சங்களின் கடைசியில் ஓர் ஈ சேரவேண்டும். பாஸே சேம்ப்ல் இவற்றில் எதையும் கேட்பதில்லை. ஆணோ பெண்ணோ 'ஆந்த்ரா'தான், 'ஸோர்த்தி'தான். இலக்கியக் காலம் என்ற பெயரைக் கேட்டு மாணவர்கள் மிரளுகிறார்கள். இலக்கண அளவில் பார்த்தால், பேச்சில் புழங்கும் கூட்டு வடிவத்தைவிட இது எளியது என்றுதான் சொல்வேன்.

இந்தக் காலம் கணநேரத்தில் முடியும் செயல்களுக்கு மட்டுமே உரியது என்று சில பாடநூல்கள் எழுதிவைத்திருப்பது தவறான எண்ணத்தைத் தரும். பதினான்காம் லூயி 1643 முதல் 1715 வரை அரியணையில் இருந்தார். அவர் 72 ஆண்டுகள் ஆண்டார் என்பதைப் பிரெஞ்சில் 'ரெஞா' என்ற பாஸே சேம்ப்ல் வடிவத்தில்தான் எழுதுவார்கள். காலம் நீண்டதா குறுகியதா என்பது கணக்கில்லை. தொடக்கமும் முடிவும் கொண்ட ஒரு முழுமையாக வெளியிலிருந்து பார்க்கிறோமா என்பதே கணக்கு. 'ஆண்டார்' என்பதற்கும் 'ஆண்டுகொண்டிருந்தார்' என்பதற்கும் தமிழ் காட்டும் வேறுபாடு இதற்கு வெகு அருகில் வருகிறது. நிலையைக் குறிக்கும் வினைகள் இந்தக் காலத்தில் வரும்போது பொருள் சற்றே நகர்வதும் இதனால்தான். ஸவுவார் தொடர் இறந்தகாலத்தில் 'தெரிந்திருந்தது'. பாஸே சேம்ப்லில் 'தெரியவந்தது'. அவுவார் என்பதோடு 'பேர்' (பயம்) சேர்ந்து 'இல் யு பேர்' என்று வந்தால், பயம் அவனிடம் இருந்தது என்பதல்ல, அந்த நொடியில் பயம் பிடித்துக்கொண்டது என்பது பொருள்.

உரையாடல் நடக்கும் பக்கங்களில் இந்த வடிவங்கள் தலைகீழாக நிற்கும். பாத்திரத்தின் பேச்சு முடிந்ததும் 'தி தில்' (என்றான் அவன்), 'ரெபோந்தி தெல்' (என்று பதில் சொன்னாள்) என்று வினை முன்னும் பெயர் பின்னுமாக வரும். 'ஆ' வகை வினைகளில் இரண்டு உயிரொலிகள் மோதாமல் இருக்க இடையில் ஒரு டி நுழையும்: 'தெமாந்தா தில்' (என்று கேட்டான்). அந்த டி எழுத்தில் இருபுறமும் இணைகோடு பெற்று நிற்கும். இதே இடத்தில் 'ஃபி தில்' என்று கண்டால் 'செய்தான்' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். பேச்சை அடுத்து வரும்போது அதுவும் 'என்றான்' என்பதுதான். இன்னொன்றையும் அங்கே கவனிக்கலாம்: மேற்கோளுக்கு வெளியே கதைசொல்லி பாஸே சேம்ப்லில் எழுதிக்கொண்டிருந்தாலும், மேற்கோளுக்கு உள்ளே பாத்திரங்கள் கூட்டு இறந்தகாலத்தில்தான் பேசுவார்கள். வாய்ப்பேச்சில் பாஸே சேம்ப்ல் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அது எப்போது பேச்சிலிருந்து விலகியது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இரண்டு காலங்களும் பேச்சில் அருகருகே இருந்தன. நடுவில் ஓர் இரவாவது கடந்திருந்தால்தான் எளிய வடிவம், இன்று நடந்ததற்குக் கூட்டு வடிவம் என்று இலக்கண ஆசிரியர்கள் கோடு கிழித்தார்கள். 1660-இல் வந்த போர்-ருவாயால் இலக்கணமும் இதைச் சொல்கிறது. நாடகாசிரியர் கொர்னேயின் 'ல ஸித்' நாடகம் 1637-இல் அரங்கேறியபோது, சற்றுமுன் நிகழ்ந்த ஓர் அவமதிப்பைப் பற்றி அதே நாளில் பேசும் பாத்திரம் 'ஃபி' என்ற வடிவத்தைப் பயன்படுத்தியதைப் பிரெஞ்சு அகாதெமி குற்றமாக எடுத்துக்காட்டியது; பிந்தைய பதிப்பில் கொர்னே அந்த வரியைக் கூட்டுக் காலத்துக்கு மாற்றிக்கொண்டார். அதன்பின் கூட்டு வடிவம் நேற்றையும் முந்தாநாளையும் மெல்ல எடுத்துக்கொள்ள, எளிய வடிவம் எழுத்துக்குள் ஒதுங்கியது. மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் 1959-இல் எழுதிய கட்டுரை இதைச் சரிவு என்று பார்க்காமல் வேலைப் பங்கீடு என்று பார்த்தது: 'நான்–நீ' என்று முகம் பார்த்துப் பேசுவதற்கு ஒரு கால அமைப்பு, சொல்பவர் மறைந்து நிகழ்ச்சிகள் தாமே விரிவதுபோல் சொல்வதற்கு இன்னொன்று. இதைப் படிக்கும் தமிழருக்கு நம் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் உடனே நினைவுக்கு வரும். ஒப்புமை ஓரளவு சரிதான் என்றாலும், நாம் 'வந்தான்' என்று எழுதுவதையே 'வந்தான்' என்றோ 'வந்தாங்க' என்றோ பேசுகிறோம், காலம் மாறுவதில்லை. பிரெஞ்சில் அந்தக் காலமே பேச்சில் கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு எனக்கு மிகவும் பிடித்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் தென்மேற்கில் வாழும், பிரெஞ்சு பேசும் அகாதிய மக்களின் பேச்சுவழக்கில் இந்தக் காலம் உயிரோடு இருக்கிறது. அவர்கள் அட்டவணையையும் சுருக்கிக்கொண்டார்கள்: 'ஆ' வகையைக் கைவிட்டு, ஈ-ஆர் வினைகளுக்கும் 'இ' விகுதியையே கொடுத்துப் 'பார்லி' என்கிறார்கள்.

பயன்பாட்டுக்கு வருவோம். நாவல், சிறுவர் கதை, வரலாறு, வாழ்க்கை வரலாறு ஆகியவற்றில் இது இன்றும் செழிப்பாக உள்ளது. கடிதத்திலும் மின்னஞ்சலிலும் நேர்ப்பேச்சிலும் எழுதினால் நகைப்புக்கு இடமாகும். நவீன நாவலாசிரியர் எல்லாரும் இதைக் கையாள்வதும் இல்லை. தமிழில் 'அந்நியன்' என்று வந்திருக்கும், எழுத்தாளர் ஆல்பெர் கம்யுவின் 1942-ஆம் ஆண்டு நாவல் பெரும்பாலும் கூட்டு இறந்தகாலத்தில் சொல்லப்பட்டது. வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்பதுபோன்ற அதன் தொனிக்கு அந்தத் தேர்வு ஒரு காரணம் என்பதைச் தத்துவவாதி சார்த்ர் அடுத்த ஆண்டே கவனித்து எழுதினார். நீங்கள் எழுதும்போது எதைத் தேர்ந்தாலும் ஒரே கதையோட்டத்தில் இரண்டையும் கலக்காமல் இருப்பது நல்லது.

நடைமுறையில் 'இல்', 'எல்' (அவள்) ஒருமையும் பன்மையும்தான் உங்களுக்கு வேண்டியவை. தன்மையில் சொல்லப்படும் கதைகளுக்காக 'ழெ' வடிவத்தை அறிந்திருந்தால் போதும். 'நூ' வடிவம் பழைய பயணக் கதைகளில் தலைகாட்டும்; 'த்யு', 'வூ' வடிவங்களைப் பார்ப்பது அரிது. பிரான்சில் 2016-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டமே தொடக்கப்பள்ளியின் இறுதி ஆண்டுகளில் படர்க்கை வடிவங்களுக்கு முதலிடம் கொடுத்தது. அதற்கு எதிர்ப்பும் எழுந்தது. பொதுவாகப் பிரெஞ்சுச் சிறுவர்கள், பெரியவர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டு வளர்வதால் 'ஆந்த்ரா', 'ஃப்யு' போன்றவை அவர்களுக்கு முன்பே பழக்கம். நமக்கு அந்த வசதி இல்லை என்பதால் வாழ்க்கை வரலாறுகளிலிருந்து தொடங்கச் சொல்வேன். அங்கே வினைகள் திரும்பத் திரும்ப ஒன்றேயாக வரும். நெப்போலியன் 1769-இல் அழாக்ஸியோவில் 'நாகி' (பிறந்தார்), 1796-இல் ழோஸெஃபீனை 'எபூஸா' (மணந்தார்), 1804-இல் பேரரசர் 'தெவேன்' (ஆனார்), 1815-இல் வாட்டர்லூ போரில் 'பேர்தி' (தோற்றார்), 1821-இல் செயின்ட் ஹெலினாவில் 'மூர்யு' (இறந்தார்). ஐந்து வினைகளில் நான்கு வகைகளும் வந்துவிட்டன. இன்னும் நான்கைந்து மனிதர்களின் வரலாற்றை இப்படிப் படித்தால் அட்டவணையைத் தொடாமலே பாதி வேலை முடியும்.

எல்லா வினைகளுக்கும் இந்த வடிவம் இருக்கிறது என்று எண்ணவேண்டாம். க்லோர் (மூடு), த்ரேர் (பால் கற) ஆகிய வினைகளுக்கு பாஸே சேம்ப்ல் வடிவமே இல்லை. தேவைப்பட்டால் வேறு வினையால் சுற்றிச் சொல்வார்கள். ஃபலுவார் (வேண்டியிரு), ப்லெவுவார் போன்ற வினைகளுக்குப் படர்க்கை ஒருமை மட்டும்தான் வழக்கில் உண்டு: ஃபல்யு, ப்ல்யு.

கடைசியாக, 'இல்' வடிவத்தைக் கற்றதால் கூடுதலாகக் கைக்கு வரும் ஒன்று. பழைய நூல்களில் 'ஸப்ழோங்க்திஃப் ஏம்பார்ஃபே' என்ற இன்னோர் அரிய அமைப்பு வரும். அதுவும் இதே அடிகளின்மேல் எழுப்பப்பட்டது. அதன் படர்க்கை ஒருமை, பாஸே சேம்ப்ல் வடிவத்தின் உயிரெழுத்துமேல் ஒரு கூரைக்குறியை வைத்தால் கிடைத்துவிடும், ஈ-ஆர் வினைகளானால் ஒரு டி-யும் சேரும். எஃப்-யு-டி கூரையில்லாமல் 'இருந்தான்'. கூரையோடு வந்தால், 'இருக்கவேண்டும் என்று', 'இருந்தபோதிலும்' என்ற போக்கில் பொருள்படும் வேறொரு வடிவம். க்ருவாத்ர் (வளர்) என்ற வினை மட்டும், க்ருவார் என்பதோடு குழம்பாமல் இருப்பதற்காகப் பாஸே சேம்ப்லிலேயே கூரையை அணிந்துகொள்கிறது. மற்ற எந்த வினையிலும் படர்க்கை ஒருமையின்மேல் கூரையைக் கண்டால், முன்னால் 'க' என்ற இணைப்புச்சொல் இருக்கிறதா என்று கண்ணை இரண்டு சொற்கள் பின்னுக்கு நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும்.